இடுப்பில் பின்னோடு பெண் பார்க்கப் போன கதை

டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவன் என்று பலரும் நினைக்கிறார்கள். லைசென்ஸ் எடுக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் டிரைவர் என்பவன் உட்கார்ந்திருக்கிறவன். டயர் வரும்வரை உட்கார்ந்திருப்பான், பாரம் வரும்வரை உட்கார்ந்திருப்பான், ட்ரெயிலர் வரும்வரை உட்கார்ந்திருப்பான். நடுநடுவே கொஞ்சம் ஓட்டுவான். அந்தக் கொஞ்சத்துக்கு மட்டும்தான் சம்பளம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பதுளையில் ஒரு முதலாளியிடம் நான் அப்படி உட்கார்ந்திருந்தேன். தோட்டத்து ஃபெக்டரிகளில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக் கொழும்புத் துறைமுகத்தில் இறக்குவது எங்கள் தொழில். முதலாளியிடம் இழுக்கிற லொறிகள் மூன்று இருந்தன. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் போட்டுவிட்டுப் போனவை. (ஏன் போட்டுவிட்டுப் போனார்கள் என்பது ஓட்டிப் பார்த்தால் தெரியும்.) பின்னால் மாட்டுகிற ட்ரெயிலர்களும் மூன்றுதான். ஆனால் வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. டயர் கிடைக்காமல் ஒரு ட்ரெயிலர் செங்கல்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதில் முதலாளி வீட்டுக் கோழிகள் குடியேறின.

ஆக, டிரைவர் மூன்று பேர், ட்ரெயிலர் இரண்டு. நான், மஜீத் நானா, சிறிபால. முதலாளியின் சட்டம் மிகச் சுருக்கமானது. யார் முதலில் ட்ரெயிலரை மாட்டுகிறானோ அவனுக்கு ட்ரிப். ட்ரிப் போனவனுக்குக் காசு. மாட்டாதவனுக்குப் பால் இல்லாத ஒரு பிளேன்டி, அதுவும் முதலாளிக்கு அன்று மனசு நன்றாக இருந்தால்.

ட்ரெயிலர் திரும்பி வரும் சத்தம் கேட்டதுமே மஜீத் நானா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்வார். ஐம்பது வயது மனிதர் அப்படி ஓடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். பார்த்து முடிப்பதற்குள் அவர் மாட்டி முடித்திருப்பார். இந்தக் கதை நடந்த மாதம் முழுக்க நான் கொழும்பைப் பார்க்கவே இல்லை. கோழிகளைத்தான் பார்த்தேன். எது எப்போது முட்டையிடும் என்று முதலாளி அம்மாவே என்னிடம்தான் கேட்பார்.

இந்த இலட்சணத்தில் நமுனுகுலையில் இருந்த என் அக்கா எனக்குப் பெண் பார்த்துவிட்டாள். லுணுகலைப் பக்கத்துத் தோட்டம். பெண்ணின் பெயர் பார்வதி. "தம்பிக்குக் கொழும்பு லொறி. மாசச் சம்பளம். மழையோ வெயிலோ கையில காசுங்க" என்று அக்கா அங்கே அளந்துவிட்டு வந்திருந்தாள். கேட்க நன்றாக இருந்ததால் நானும் மறுக்கவில்லை.

பெண் பார்க்கப் போவது ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மாலை அந்த அதிசயம் நடந்தது. சிறிபால ஒரு ட்ரெயிலரோடு கொழும்பில் இருந்தான். நானா சிகரெட் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து மற்ற ட்ரெயிலர் டயர் ஒட்டுப்போட்ட கடையிலிருந்து வந்து சேர, என் வாழ்நாளில் முதல்முறையாக நான் முந்திக்கொண்டு மாட்டிவிட்டேன். திங்கட்கிழமை மடுல்சீமையில் பாரம். அந்த ட்ரிப் காசு இல்லாமல் நிச்சயதார்த்தமும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஆனால் ஞாயிறு முழுக்க நான் லுணுகலையில் இருந்தால் நானா சும்மா இருப்பாரா? என் லொறியைக் கழற்றித் தன் லொறியை மாட்டிக்கொண்டு போயே விடுவார். யோசித்தேன். (நான் யோசித்த நாட்களில்தான் எனக்குப் பெரிய கேடெல்லாம் வந்திருக்கிறது.)

லொறியையும் ட்ரெயிலரையும் கோக்கிற இரும்புப் பின், ட்ரெயிலருக்கு ஒன்று உண்டு, மாற்றுப் பின் கிடையாது. முழங்கை நீளம், உலக்கைப் பூண் தடிமன். ஒருமுறை அது தொலைந்து, கடப்பாரைத் துண்டைச் செருகி ஓட்டியபோது தெமோதரை வளைவில் லொறி ஒரு பக்கம், ட்ரெயிலர் அதற்குப் பிடித்த பக்கம் என்று பிரிந்து போயின. அன்றிலிருந்து சரியான பின் இல்லாமல் சக்கரம் உருளக்கூடாது என்பது முதலாளியின் இன்னொரு சட்டம். நான் அந்தப் பின்னை உருவிக்கொண்டேன்.

பெண் வீட்டுக்குக் கொண்டுபோகிற பழங்களோடு கிறீஸ் படிந்த இரும்பை வைக்க அக்கா விடமாட்டாள். அதனால் வேட்டிக்குள் இடுப்பு பெல்ட்டில் செருகித் தொடையோடு தொங்கவிட்டேன். பசறை வரை பஸ்ஸில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்த பிறகு எழும்ப முடியவில்லை.

பார்வதியின் வீடு இருந்த லயத்து வரிசைக்கு நான் ஏறிப் போன விதத்தை அவளுடைய அம்மா வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

"மாப்பிள்ளைக்குக் காலு ஏதும் சொகமில்லைங்களா?"

"சேச்சே, அது பிரேக் காலுங்க" என்றாள் அக்கா. "எறக்கத்துல மிதிச்சு மிதிச்சு டிரைவருங்க எல்லாருக்கும் அப்படித்தான்."

உள்ளே பாயில் உட்கார்ந்தேன். ஒரு கால் மடங்கியது, மற்றது நீட்டியபடி வானத்தைப் பார்த்தது. பார்வதி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அப்போது அக்கா என்னைக் கிள்ளி, "பெரியவங்க கால்ல விழுடா" என்றாள்.

விழுந்தேன். எனக்கு முன்னால் பின் விழுந்தது. வெற்றிலைத் தட்டில் 'ணங்' என்று அது விழ, பாக்கெல்லாம் துள்ளிப் போய் அடுப்படியில் விழுந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் கண்ணெடுத்து முதலில் பார்த்தது என்னையல்ல, பின்னைத்தான்.

"இது என்னங்க தம்பி?" என்று அவளுடைய அப்பா கேட்டார்.

"பாதுகாப்புக்கு" என்றேன். (எதிலிருந்து பாதுகாப்பு என்று அவர் கேட்காதது அவருடைய பெருந்தன்மை.)

அந்த நேரம் பார்த்துக் கீழே றோட்டில் லொறி ஹோர்ன் அலறியது. ட்ரெயிலர் இல்லாத லொறியில் மஜீத் நானாவும் முதலாளியும் வந்து இறங்கினார்கள். பெண் பார்க்கப் போகும் பெருமையை நான்தான் கோழிகள் உட்பட எல்லோரிடமும் சொல்லியிருந்தேனே, வழி கேட்கவே தேவைப்பட்டிருக்காது.

"எங்கடா பின்னு?" முதலாளிக்கு மூச்சு வாங்கியது. "கப்பல் முந்தி வந்துட்டுது. இன்னைக்கே ஏத்தச் சொல்லி ஃபெக்டரியில கத்துறானுங்க!"

நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டேய், நீ பொண்ணு பாரு, கல்யாணம் கட்டு, புள்ள பெறு. என்ட பொழப்ப ஏன்டா இடுப்புல கட்டிக்கிட்டு வந்த?"

"இந்த மாசம் ஒரு ட்ரிப்பு போகல, ஒரு சதம் வாங்கல" என்றார் முதலாளி கூட்டத்தைப் பார்த்து. "பின்ன மட்டும் வாங்கிட்டு வந்திருக்கான்!"

பார்வதியின் அம்மா நிமிர்ந்தார். "ட்ரிப்பு போகலன்னா மாசச் சம்பளம் எப்படிங்க?"

"மாசச் சம்பளமா? யாருக்கும்மா?"

அக்கா திராட்சைக் குலையை ஆராயத் தொடங்கினாள். என் கல்யாணம் அந்தத் தட்டிலேயே முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மா பின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, மலையில மழை பேஞ்சு பாதியில எறக்கிட்டாக்கூட எங்களுக்கு அரைப்பேராவது போடுவாங்க." (தோட்டத்தில் அரைநாள் கூலிக்கு அரைப்பேர் என்று பெயர்.) "நீங்க வரச் சொல்லி உக்கார வச்சிட்டு ஒண்ணுமே குடுக்க மாட்டீங்களா?"

"அம்மா, அது தோட்டம். இது லொறி."

"அப்ப லொறிக்கு வேற பின்னு பாத்துக்குங்க."

சண்டை பிடிக்க வந்த மஜீத் நானா பாயின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். "நியாயந்தானே முதலாளி."

"நீ யாரு கட்சிடா?"

"இப்பத்தான் மாறினேன்."

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வாசலை அடைத்து நின்ற லயத்துச் சனத்தைப் பார்த்தார், மடியில் இருந்த இரும்பைப் பார்த்தார். "சரி, ட்ரெயிலர் இல்லாத நாளைக்கு அரைப்பேரு. பின்னைத் தாங்க."

"மூணு டிரைவருக்கும்."

"பொண்ணு ஒண்ணுதானே குடுக்கப் போறீங்க!" என்று கத்திவிட்டு, அதற்கும் தலையாட்டினார்.

பின் போனது. நானா போனார். என்னுடைய ட்ரிப்பும் அவரோடே போனது. ஆறிப்போன தேத்தண்ணீரோடு நான் மட்டும் மிஞ்சினேன். கதவுக்குப் பின்னாலிருந்து பார்வதியின் குரல் வந்தது.

"இப்ப நடக்கச் சொல்லுங்கம்மா."

நடந்தேன். லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், பாதித் தோட்டமும் பார்க்க, இரண்டு காலாலும் ஒழுங்காக நடந்து காட்டினேன். அந்த நடைக்குத்தான் பெண் கிடைத்தது.

முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. அரைப்பேர் கொடுத்தார். ஆனால் கொடுத்த காசு வீணாகக்கூடாது என்று கோழி எரு அள்ள வைத்தார், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வைத்தார், விறகு பிளக்க வைத்தார். முன்பெல்லாம் சும்மா உட்கார்ந்து களைத்தோம். பிறகு வேலை செய்து களைத்தோம். ஒரு கிழமை எரு அள்ளியதும் சிறிபால என் தோளில் கை போட்டான். "மல்லி, தம்பி, உன்ட மாமிட்ட சொல்லு, பழைய மாதிரியே ஆக்கித் தரச் சொல்லு."

இப்போது லொறியும் இல்லை, முதலாளியும் இல்லை. ஆனால் அந்தச் சட்டம் மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் அமுலில் இருக்கிறது. நான் சும்மா உட்கார்ந்திருந்த நாளில் பார்வதி தட்டில் பாதிச் சோறுதான் போடுவாள். "இன்னைக்கு அரைப்பேரு" என்பாள். ஓய்வு பெற்ற மனுஷனுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்கள்.

போன கிழமை அரிசி மூட்டையைக் கடையிலிருந்து நானே சுமந்து வந்து, முழுப்பேர் வாங்காமல் விடுவதில்லை என்று தட்டின் முன் உட்கார்ந்தேன். எங்கள் மகள் கரண்டியை எடுத்தாள். பார்வதி அவளைத் தடுத்தாள்.

"எழும்பி நடக்கச் சொல்லு முதல்ல. இடுப்புல என்ன வச்சிருக்காரோ."

எழும்பி நடந்தேன்.