சங்கிலியில் ஒரு சத்தம்

“நவம்பர் 10, திங்கள். படிவத்தில் ஒரு சிறு தவறு. ‘சைக்கிள் ஓட்டத் தெரியுமா’ என்ற இடத்தில் ‘ஆம்’ என்று டிக் அடித்துவிட்டேன். கை அவசரப்பட்டது.”

மும்பை மாட்டுங்காவில் மாலை வகுப்பு தொடங்கும் முன் ஷைனி டைரியில் இவ்வளவும் எழுதினாள். பிறகு ‘கை அவசரப்பட்டது’ என்பதை அடித்துவிட்டு ‘நான் அவசரப்பட்டேன்’ என்று திருத்தினாள்.

வியட்நாமில் இருபத்திரண்டு நாள் சைக்கிள் பயணம். ஓட்டுகிறவர்களுக்குத் தண்ணீர், பழம், பஞ்சர் பெட்டி எல்லாவற்றையும் வேனில் கொண்டுபோகும் உதவிக் குழுவில் ஓர் இடம் காலி. வேன் நுழையாத பாதைகளுக்குச் சைக்கிளில்தான் போக வேண்டும். அதற்குத்தான் அந்தக் கேள்வி. ஷைனியோ, ஒருக்களித்து நடக்கவேண்டிய தாராவிச் சந்தில் வளர்ந்தவள். சைக்கிளில் ஏறியதே இல்லை.

மறுநாளே செம்பூர் ஆபீசில் அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பயணத்தை நடத்துகிற ஆன்றோ சார், மேசையில் உட்கார்ந்திருக்கும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றாதவர். தாராவியில் ஷாகுல் ஹமீது பாய் கடையில் பழுது பார்த்த சைக்கிள் ஒன்று இருக்கிறது, நாளைக்கு ஓட்டிக்கொண்டு வா என்றார்.

புதன்கிழமை ஒன்றரை மணி நேரம் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தாள். சார் வாசலில் நின்றிருந்தார்.

“ஏன் தள்ளிட்டு வாற?”

“சங்கிலியில ஒரு சத்தம் சார். தள்ளுனாத்தான் கேக்கும்.”

சார் குனிந்து சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஆபீஸ் முழுவதையும் கூப்பிட்டு, இப்படியொரு காது யாருக்கு வாய்க்கும் என்று மெச்சி, பாய் கடையில் இருக்கும் மீதி ஐந்து சைக்கிளையும் அவளே தள்ளி, சத்தம் கேட்டுக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

வியாழனுக்குள் இன்னும் இரண்டு வந்தன. பாதம் வீங்கியது. முழங்கால் வலி என்று சொல்லிப் பார்த்தாள். முழங்கால் சரியில்லாதவர் விமானம் ஏற முடியாது என்றார்கள். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரருக்கு அம்மா மூன்று முறை டீ போட்டது ஷைனியின் கண்முன் வந்தது. வெள்ளி காலையில் வலி பறந்துவிட்டது என்று சொல்லி, நம்பவைக்க அங்கேயே பத்துத் தோப்புக்கரணமும் போட்டாள்.

“பக்கா. அப்போ ஞாயித்துக்கிழமை ஒத்திகையில நீதான் எல்லாருக்கும் முன்னால ஓட்டுற,” என்றார் சார். “நான் எப்பவும்போல வேன்ல வாறேன்.”

அன்று மாலை ஷாகுல் பாய் கடையில் நின்று, டிக் அடித்ததிலிருந்து ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள் ஷைனி.

“ஒத்திகைக்குக் குடுக்குற சைக்கிள் பிரேக்க ஒடச்சுக் குடுங்க பாய். இல்லன்னா குழுவுல என் எடம் போயிரும்.”

பாய் ஸ்பானரைக் கீழே வைத்தார். “ஒண்ணும் ஒடைக்க வேண்டாம் பிள்ள. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு தேவ்நார் மைதானத்துக்கு வா. நான் பழக்கி விடுதேன்.”

“சாருக்குத் தெரிஞ்சா?”

“அவரும்தான் பழக வாறாரு. நாலு வருசமா சத்தம் கேட்டுக்கிட்டே தள்ளுனது போதும்னு இன்னைக்குத்தான் சொல்லிட்டுப் போனாரு.”