பதினொண்ணாம் சேனல்

"சொல்லு தாயி. உனக்குச் சம்மதமா, இல்லையா?"

சுந்தரபாண்டியன் கேட்டு முடித்ததும் கல்பனா உறைந்துபோனாள். உள்ளங்கை அகலச் செல்போன் திரையில் அவள் முகம், வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றது.

"கல்பனா... யம்மா... கேக்குதா?"

அவர் தலையைத் திருப்பி அலமாரி மேல் இருந்த ரூட்டரைப் பார்த்தார். பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. திரும்பியபோது அழைப்பு அறுந்திருந்தது.

"போச்சு. இதோட நாலாவது தடவை. முக்கியமான பேச்சு வரும்போதுதான் இந்த நெட்டு மக்கர் பண்ணுது."

மனைவி வெங்கடேஸ்வரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"நான் பேசும்போது நல்லாத்தான இருந்துச்சு."

"நீ என்ன பேசுன? சாப்ட்டியா, ஈரத்தலையோட ஃபேன் காத்துல நிக்காதன்னு சொன்ன. அதுக்குக் கொஞ்சம் நெட்டு போதும். கல்யாணப் பேச்சுக்கு நெறைய வேணும்."

"சொல்லும்போது சொல்லுவா. அவளப் போட்டு அரிக்காதீக."

"வெள்ளிக்கிழமை அவிய வாராக வெங்கடேஸ்வரி!"

அவிய என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள். மாப்பிள்ளை வல்லரசு, நூல் மில்லில் மேனேஜர். ஜாதகம் பொருந்திவிட்டது. வெற்றிலைபாக்கு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சுந்தரபாண்டியன் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். சிங்கப்பூரில் மூன்று வருடமாக வேலை பார்க்கும் மகள், தன் வாயால், அவர் முகத்தைப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தட்டு.

"போன்ல கேட்டா என்ன? இல்லாட்டி எழுதி அனுப்பச் சொல்லுங்க," என்று வெங்கடேஸ்வரி முன்பே சொல்லிப் பார்த்திருந்தாள்.

"எழுத்தையா நம்பச் சொல்லுத? ஸ்டேஷன்ல எத்தனை பிள்ளைகளப் பாத்திருக்கேன். சம்மதம்னு எழுதிக் கையெழுத்து இருக்கும். மூஞ்சியப் பாத்தா அழுது வீங்கியிருக்கும். எம்மக ஒருநாளும் அப்பிடி நிக்கக் கூடாது. எனக்கு மூஞ்சி தெரியணும். மூஞ்சியப் பாத்தா அம்புட்டும் தெரிஞ்சிரும் எனக்கு."

முப்பத்து நான்கு வருடம் போலீசில் இருந்தவர். அதில் கடைசி ஒன்பது வருடம் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் முக்கில் போக்குவரத்து எஸ்.ஐ. ஓய்வு பெற்ற பிறகும் அவர் கை, பேச்சுக்கு நடுவே தானாக உயர்ந்து யாரையாவது நிறுத்தும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இணைய இணைப்பு கொடுத்த பெலிக்சை வரவழைத்தார். பெலிக்ஸ் தன் செல்போனில் எதையோ திறந்து காட்டினான். திரையில் வண்ண வண்ணமாக மேடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றன.

"இது உங்க தெரு அய்யா. பதினாலு வீட்டு வைபையும் ஆறாம் சேனல்லயே நிக்கி. டப்பாவுல வரும்போதே ஆறுல இருந்துச்சு. நானும் அப்பிடியே மாட்டி விட்டுட்டேன்."

"பதினாலு லாரியும் ஒரே பாதையில வந்து ஹாரன் அடிக்கி. அதான?"

"அதேதான் அய்யா!"

"வேற பாதை இருக்கா?"

"இருக்கு. ஆனா பக்கத்துப் பக்கத்து நம்பரைப் போட்டா ஒண்ண ஒண்ணு இடிக்கும். ஒண்ணு, ஆறு, பதினொண்ணு, இந்த மூணுதான் ஒண்ணோட ஒண்ணு இடிக்காது."

"அப்ப எனக்கு ஒண்ணு போடு."

பெலிக்ஸ் போட்டான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பத்து நிமிட வீடியோ ஒன்று எங்கும் நிற்காமல் ஓடி முடிந்தது. சுந்தரபாண்டியன் வாசலுக்கு வந்து, எதிர்வீட்டு விஜயபாண்டியிடம் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நம்ம வீட்டுக்கு ஒண்ணாம் நம்பர் போட்டாச்சு மச்சான்."

சொல்லியிருக்கக் கூடாது.

அந்தத் தெருவில் ஒன்று என்பது வெறும் எண் இல்லை. தெருக்கோடிக் காளியம்மன் கோயிலில் பொங்கல் விழா அன்று முதல் திருநீறும் முதல் தேங்காய்மூடியும் யார் கைக்குப் போகிறது என்பதில் இரண்டு முறை கல்லெறி நடந்திருக்கிறது. மூன்று தலைமுறையாக அந்த முதல் மரியாதை, ராணுவத்தில் சுபேதாராக இருந்து திரும்பிய விஜயபாண்டியின் குடும்பத்துக்கு.

விஜயபாண்டி பெலிக்சுக்குப் போன் போட்டார். ரகசியமாகத்தான் பேசினார். ஆனால் அவர் ரகசியம் பேசினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் ஒன்பது வீடு ஒன்றாம் சேனலுக்கு மாறியிருந்தது. ஒவ்வொருவரும் பெலிக்சிடம் "வேற யாருக்கும் போட்டுறாத" என்று சொல்லியிருந்தார்கள்.

அன்று மாலை கல்பனா ஐந்தாவது முறையாக உறைந்தாள்.

"நெரிசல்," என்றார் சுந்தரபாண்டியன். "ஒழுங்குபடுத்தாம விட்டா இதான்."

ஒரு நோட்டில் தெருவை வரைந்தார். வீடுகளுக்கு எண் போட்டார். மூன்று வண்ணத்தில் கட்டம் கட்டினார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கோயில் வாசலில் தெருவைக் கூட்டினார்.

"மேலப்பக்கம் அஞ்சு வீடும் ஒண்ணு. நடுவுல அஞ்சும் ஆறு. கீழப்பக்கம் நாலு வீடும் பதினொண்ணு. அம்புட்டுத்தான். யாரும் யாரையும் இடிக்க வேண்டாம்."

கீழப்பக்க வீட்டுக்காரர் சுயம்புலிங்கம் எழுந்தார். பேண்டேஜ் துணி யூனிட் வைத்திருப்பவர். தெருவுக்குக் குடிவந்து இருபது வருடம் ஆகியும் முதல் ஐந்து தேங்காய்மூடிக்குள் வராதவர்.

"எனக்குப் பதினொண்ணா? இந்தியா பூராவும் காயத்துக்குக் கட்டுப்போடத் துணி அனுப்புதேன். நான் கடைசியா?"

"கடைசி இல்ல அண்ணாச்சி. எல்லாம் ஒரே மாதிரிதான்."

"ஒரே மாதிரின்னா நீங்க எடுத்துக்கோங்க."

விஜயபாண்டி மீசையைத் தடவினார். "ஒண்ணு மூணு தலைமுறையா எங்களோடது."

"மச்சான், வைபை வந்தே மூணு வருசந்தான் ஆகுது."

"கோயில்ல மாப்ள. நான் கோயிலச் சொல்லுதேன்."

"கோயிலுக்கும் சேனலுக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்ப எதுக்குக் கோயில் வாசல்ல கூட்டம் போட்ட?"

பெலிக்ஸ் நடுவில் புகுந்தான்.

"அண்ணாச்சி, அது வெறும் நம்பர்தான்."

"வெறும் நம்பருன்னா அத ஏண்டா ஒண்ணுலயிருந்து ஆரம்பிச்ச?" என்றார் சுயம்புலிங்கம்.

சர்ச்சில் கோரஸ் பாடுபவன் பெலிக்ஸ். அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள்.

கூட்டம் தீர்மானம் இல்லாமல் கலைந்தது. சாயங்காலத்துக்குள் பதினான்கு வீடும் ஒன்றாம் சேனலில் நின்றன. ஆறில் யாரும் இல்லை. பதினொன்றில் யாரும் இல்லை. சுயம்புலிங்கத்தின் யூனிட்டில் கேமரா நின்றுபோய், காலையில் குனிந்த ஒரு தொழிலாளி மாலை வரைக்கும் திரையில் குனிந்தபடியே இருந்தார். விஜயபாண்டி வீட்டில் சீரியல் வார்த்தை வார்த்தையாக வந்தது. இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

கல்பனா "நல்லா இருக்கீங்களாப்பா" என்று சொல்லி முடிக்கவே ஆறு நிமிடம் ஆனது. கேள்வி வரைக்கும் போக முடியவில்லை. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"இன்னைக்குப் பிள்ளை நல்லாச் சிரிச்சா. கவனிச்சீகளா?" என்றாள் வெங்கடேஸ்வரி.

"நீ வேற."

அவர் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். கேட்காமல் தட்டு மாற்றினால் வாக்கு தப்பிப்போகும். மாற்றாமல் விட்டால், வீடு தேடி வருகிறவர்களை வெறுங்கையாக அனுப்பின பேச்சு ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் நிற்கும்.

புதன்கிழமை காலை சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். பெலிக்ஸ் வந்து நின்றான். அங்கங்கே வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

"எனக்குப் பதினொண்ணு போடு," என்றார் சத்தமாக.

விஜயபாண்டி படியிறங்கி வந்தார்.

"மாப்ள, வேண்டாம். எஸ்.ஐ. வீடு கடைசி நம்பர்ல நிக்கதா? எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

"எம்மக மூஞ்சி எனக்குத் தெளிவாத் தெரியணும் மச்சான். கடைசியில நின்னாத்தான் தெரியும்னா நான் கடைசியிலயே நிக்கேன்."

சுயம்புலிங்கம் தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். துண்டால் கண்ணைத் துடைத்தார். ஆனால் ஒன்றாம் சேனலை விடவில்லை.

பெலிக்ஸ் பதினொன்று போட்டான். தெருவில் அந்த வீடு மட்டும் அந்தப் பாதையில் நின்றது. ராத்திரி ரோந்துக்குக்கூட ஆள் இல்லாத சாலை மாதிரி இருந்தது. ரூட்டரை அலமாரி மேலிருந்து இறக்கி நடுக்கூடத்தில் முக்காலி போட்டு வைத்தான். "போன்ல எதுக்கு அய்யா பாக்கணும்? டிவியில போட்டுவிடுதேன். ஆளே நேர்ல வந்த மாதிரி இருக்கும்," என்று அதற்கும் வழி பண்ணிக் கொடுத்தான்.

சுந்தரபாண்டியன் ரூட்டருக்கு ஒரு பொட்டு சந்தனம் வைத்தார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கார் வந்தது. வல்லரசு, அவன் தாய்மாமன், அம்மா பெத்தம்மாள். பால்கோவா, பூ, பழம் என்று ஏழு தட்டு. பெத்தம்மாள் அதிகம் பேசாதவள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டிவிக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

விஜயபாண்டி வந்தார். சுயம்புலிங்கமும் வந்தார். பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். பெலிக்ஸ் ரூட்டர் பக்கத்தில் கைகட்டி நின்றான்.

அழைப்பு போனது.

கல்பனா வந்தாள். நாற்பத்து மூன்று அங்குலத்துக்கு வந்தாள். நெற்றியில் வைத்த சின்னப் பொட்டு தெரிந்தது. தோளில் சொட்டிய தலைமுடி ஈரம் தெரிந்தது. சின்ன அறை, மடித்து வைத்த போர்வை, பின்னால் சுவரில் மாட்டிய ஃபேன் இங்கிட்டும் அங்கிட்டும் திரும்பித் திரும்பிச் சுற்றுவது, எல்லாம் தெரிந்தது. கூடத்தில் எல்லோரும் "ஆ" என்றார்கள்.

"ஏட்டி, திரும்பவும் ஈரத்தலையா? ஃபேனுக்கு முன்னால நிக்காதன்னு எத்தனை தடவ சொல்லுதேன்," என்றாள் வெங்கடேஸ்வரி.

"சரிம்மா."

"தாயி, நல்லாத் தெரியுதா?" சுந்தரபாண்டியன் முன்னால் வந்தார். "இனி நெட்டு நிக்கவே நிக்காது. உனக்காகப் பதினொண்ணாம் சேனல். அதுல நாம மட்டுந்தான். டிவியில போட்டிருக்கு. நாங்க எல்லாரும் உன்னப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"டிவியிலயாப்பா?"

"ஆமா."

"ரொம்பத் தெளிவாத் தெரியுதோ?"

"கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு."

கல்பனா எச்சில் விழுங்கினாள். அதுகூடத் தெரிந்தது.

"அவிய அம்புட்டுப் பேரும் வந்திருக்காக. உன் வாயால கேக்காம நான் தட்டு மாத்த மாட்டேன்னு சொல்லிட்டேன். நீ சொல்லுததுதான் முடிவு. சொல்லு தாயி. உனக்குச் சம்மதமா, இல்லையா?"

கல்பனா உறைந்துபோனாள்.

வாய் பாதி திறந்திருந்தது. கண் ஒரு பக்கமாக நின்றது.

"பெலிக்ஸ்!"

பெலிக்ஸ் ரூட்டரைப் பார்த்தான். செல்போனைப் பார்த்தான். "அய்யா, லைன் புல்லா இருக்கு. நம்ம பக்கம் ஒண்ணும் குறை இல்ல."

"அப்ப எவனோ பதினொண்ணுக்குள்ள வந்துட்டான்." சுந்தரபாண்டியனின் கை தானாக உயர்ந்தது. "மச்சான், நீங்களா?"

"காளியம்மன் சத்தியமா நான் ஒண்ணுலதான் நிக்கேன் மாப்ள."

"அண்ணாச்சி?"

"ஒண்ண விட்டு நான் எங்க போகப் போறேன்?" என்றார் சுயம்புலிங்கம்.

"பெறகு எப்பிடிலே நின்னுச்சு?" சுந்தரபாண்டியன் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "மன்னிச்சுக்கோங்க. ஒரு வாரமாப் படாத பாடு பட்டுட்டேன். ஒரே ஒரு நிமிசம். இந்த டப்பாவ அணைச்சுப் போட்டா வந்துரும்."

அவர் குனிந்து ரூட்டரின் சுவிட்சில் கைவைத்தார். வெங்கடேஸ்வரி சுவரோடு சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த முறை அழைப்பு அறுபடவில்லை. வந்ததிலிருந்து வாயே திறக்காத பெத்தம்மாள், கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, டிவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், மெதுவாகச் சொன்னாள்.

"அணைக்காதீகண்ணே... பிள்ளை அசையாம நிக்கா, ஆனா பின்னால அந்த ஃபேனு மட்டும் இன்னும் வேண்டாம் வேண்டாம்னு தலைய ஆட்டிக்கிட்டே இருக்கு."