மச்சானுக்கு, வடிகால் விஷயமாக

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் வேனும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் உங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. முழங்காலைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம், போன தடவை விசாரிக்காமல் விட்டதில் உங்களுக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன்.

உங்கள் தங்கை அங்கே வந்திருப்பதில் எனக்குச் சந்தோஷமே. இருக்கட்டும், ஒரு அவசரமும் இல்லை. நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்தவுடன் தூங்குகிறேன், தொழிலும் ஜோராக நடக்கிறது. "என்ன மாப்ள, இவ வாயத் திறக்க மாட்டேங்கிறா, நீங்க அப்படி என்னதான் சொன்னீங்க?" என்று நீங்கள் போனில் கேட்டபோது என் அழுக்குத் தண்ணீர் டிரம் பொங்கி வழிந்துகொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். வேறு உள்நோக்கம் எதுவும் கிடையாது.

நடந்தது இதுதான். ரேடியோவில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். மனிதனுக்கு மனபாரத்தை இறக்கி வைக்க ஒரு வடிகால் வேண்டும், அது இல்லாதவன் பாவம் என்றார். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்த உங்கள் தங்கையைப் பார்த்து, "எனக்கு வடிகால்னா அது நீதான்" என்றேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் சொன்னதிலேயே இனிப்பான வார்த்தை அது. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னீங்க?" என்றாள். காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

மச்சான், வீடு வீடாகப் போய்க் கார் கழுவுகிற எங்கள் தொழிலில் வடிகால் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. தெருவோரத்தில் கம்பி மூடி போட்டு ஒரு குழி இருக்கும். உள்ளே காய்ந்த இலை, சிகரெட் துண்டு, சில சமயம் செத்த எலி. அது மழைத் தண்ணீருக்கான குழி. அதில் விழுவது நேராக ஆற்றுக்குப் போகும், நடுவில் யாரும் சுத்தம் செய்வதில்லை. அதனால் கார் கழுவின சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு சொட்டுக்கூட அதற்குள் போகக் கூடாது என்பது நகராட்சியின் கண்டிப்பான உத்தரவு. கார் கழுவுவது நான், அந்தக் குழியைக் காவல் காப்பது உங்கள் தங்கை. முதலில் தன் சிவப்பு மக்கில் தண்ணீர் எடுத்துத் தரையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பாள். பிறகு விளிம்பு உயர்த்தின ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன் மேல் காரை ஏற்றச் சொல்வாள். அதையும் தாண்டி ஏதாவது வழிந்தால் தடுப்பதற்கு, என் பழைய பேண்டின் கால்களை வெட்டி, மணல் அடைத்துத் தைத்துக் குழியின் வாயில் வைப்பாள். தேங்கிய தண்ணீரை மோட்டாரால் டிரம்மில் ஏற்றி, வீட்டுக்காரரிடம் கேட்டு அவர் வீட்டுக் கழிவறையில் ஊற்றுவோம். அப்படிப்பட்டவளை நான் வடிகால் என்றேன். "இத்தன வருஷமா எதுல அழுக்கு விழக் கூடாதுன்னு பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டேனோ, அதுவா நான்?" என்றாள். "ஐயோ, அந்த வடிகால் இல்ல, இது நல்ல வடிகால்" என்றேன். "நல்ல வடிகாலு எந்தத் தெருவுல இருக்கு, கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க" என்றாள். எனக்கு எந்தத் தெருவும் ஞாபகம் வரவில்லை. அவள் பெட்டியை எடுத்துவிட்டாள்.

போகட்டும், ஒண்டியாகச் சமாளிக்க முடியாதா என்று பல் டாக்டர் வீட்டுக்குக் கார் கழுவப் போனேன். போன இடத்தில்தான் ஞாபகம் வந்தது, அவசரத்தில் மணல் கால்களை வீட்டிலேயே வைத்துவிட்டேன். நல்லவேளையாக வேனில் ஒரு பழைய பேண்ட் கிடந்தது. வெட்டக் கத்தரி இல்லை. அது ஒரு குறையா என்று முழுப் பேண்டிலும் பக்கத்து வீட்டுக் கட்டுமான மணலை அடைத்து, முனைகளைக் கயிற்றால் கட்டி, காருக்கு அடியில் பாதியும் வெளியில் பாதியுமாகக் குழியை மறித்துப் போட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு முன்பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது, காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களும், பக்கத்தில் விசிலடித்துக்கொண்டு கார் துடைக்கும் நானும். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது மச்சான். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு இறங்கி, ஆளுக்கொரு காலைப் பிடித்து மெதுவாக இழுத்தார்கள். கயிறு அவிழ்ந்து மணல் கொட்டியது. டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வந்ததுதான் வந்துட்டோம், எங்க வண்டியையும் கழுவி விடுறீங்களா?" என்றார்.

இந்தக் கலவரத்தில் விரிப்பில் தண்ணீர் நிரம்பியதை நான் கவனிக்கவில்லை. காரை நகர்த்திவிட்டு, தண்ணீரை மோட்டார் பக்கம் ஒதுக்குவதற்காக ஒரு முனையைத் தூக்கினேன். எல்லாத் தண்ணீரும் எதிர்முனைக்கு ஓடி விளிம்பைத் தாண்டப் பார்த்தது. ஓடிப்போய் அந்த முனையைத் தூக்கினேன். உடனே இந்தப் பக்கம் வந்துவிட்டது. நான் அங்கே போக அது இங்கே வர, இங்கே வர அது அங்கே போக, தண்ணீர் எனக்கு நன்றாகத் தண்ணி காட்டியது. டாக்டர் மாடியில் நின்று கைதட்டினார். அந்த விரிப்பை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத்தான் தூக்குவோம். அவள் கண்ணைக் காட்டுவாள், நான் தூக்குவேன். இதில் என்ன பெரிய வேலை இருக்கிறது என்று அப்போது தோன்றும். இப்போது அவள் நிற்கும் அந்த முனைக்கும் நானே ஓடுகிறேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து நகராட்சி ஆய்வாளர் வந்தார். வழக்கமாக அவர் ஸ்கூட்டரை நிறுத்துவதுகூட இல்லை. உங்கள் தங்கையின் சிவப்பு மக்கைப் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு இறங்கினார். "அம்மா எங்க?" என்றார். அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். "இங்க தண்ணி எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டார். இத்தனை வருஷமாகத் தொழில் செய்கிறேன், அதை நான் பார்த்ததே இல்லை. நான் காரைப் பார்ப்பேன், அவள் தரையைப் பார்ப்பாள். கையை நீட்டி ஒரு பக்கம் காட்டினேன். தண்ணீர் இன்னொரு பக்கமாக அவர் செருப்பை நனைத்துக்கொண்டு போயிற்று. "அம்மா வர்ற வரைக்கும் இந்தத் தெருவுக்கே வராதீங்க. இன்னொரு தடவ பாத்தேன், லைசென்ஸைப் பிடுங்கிடுவேன்" என்றார். ஆக, தொழில் ஜோராக நடக்கிறது என்று மேலே எழுதியதை நீங்கள் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

போனில் நீங்கள் இன்னொன்றும் கேட்டீர்கள். அவள் தினமும் காலையில் உங்கள் வாசலில் ஒரு மக் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது போகிற திசையைப் பார்த்தபடியே நிற்கிறாள், உடம்புக்கு ஏதாவது இருக்குமோ என்று. பயப்படாதீர்கள். அவள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மக்கைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறாள் என்பது எனக்கு நீங்கள் சொல்லித்தான் தெரியும். அதைக் கேட்டதிலிருந்து நானும் இங்கே வீட்டு முன்னறையில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்க்கிறேன். அது நேராக அவள் செருப்பு விடுகிற மூலைக்குப் போய் நிற்கிறது. நம் வீட்டுத் தரைக்கு அந்தப் பக்கம் சாய்வு இருப்பதே இப்போதுதான் எனக்குத் தெரியும்.

மற்றபடி இங்கே குறை ஒன்றும் இல்லை. அவள் ஆசை தீர இருந்துவிட்டு வரட்டும். அக்காவுக்கு என் வணக்கமும், முழங்காலுக்கு என் அனுதாபமும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே குறை இல்லை என்று எழுதியதெல்லாம் பொய். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேனை எடுத்துக்கொண்டு அங்கே வருகிறேன். உங்கள் காரை வாங்கிய நாளிலிருந்து நீங்கள் கழுவவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைக் கழுவத்தான் வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவையுங்கள். உங்கள் வாசல் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் அவளிடமே கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தில் வேறு எதையும் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். முக்கியமாக அந்த ஆம்புலன்ஸ். கடைசி வரியை மட்டும் மடித்துக் காட்டுங்கள்:

இனிமே உன்ன எதுன்னும் சொல்ல மாட்டேன். விரிப்ப ஒத்த ஆளா தூக்க முடியல, அந்த முனைய வந்து பிடி.