வீரையா வாய் திறந்த படலம்

வாழ்க வீரையா! கோப்பிப்பழம் கொய்து சிவந்த கரத்தோன், மூட்டை சுமந்தும் கூனாத முதுகினன், அம்பிட்டிய மலைச்சரிவெல்லாம் அளந்து தேய்ந்த பாதத்தன், ஆயினும் அடுத்த வீட்டானைக் கண்டால் நா அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அம்மாவீரனை வணங்கிக் கதையைத் தொடங்குவோம்.

கடல் கடந்து, காடு கடந்து, காய்ச்சலும் கடந்து இக்கோப்பித் தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடாகிய லயத்திற் குடிபுகுந்தவன், அறுவடை முடியும் தறுவாயிலும் ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசினானில்லை. ஊமையோ என்று சிலர் இரங்க, தலைக்கனம் என்று பலர் முடிவுகட்ட, பாவம், அவனோ அந்திதோறும் அடுப்போடு பேசிக்கொண்டிருந்தான். பேச ஓர் ஆள் கிடைக்காதா என்று ஏங்கினான்.

ஆகவே போர்ப்பயிற்சி தொடங்கிற்று. மற்றவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று ஒற்றனைப்போல் ஒட்டுக்கேட்டு, "எங்க போறீங்க?" என்னும் கணையைத் தேர்ந்து, கோப்பிச் செடிகளின்மேல் நாள்தோறும் எய்து பழகினான். செடிகள் எங்கும் போகிறவை அல்ல; பதில் வரவில்லை.

ஓய்வுநாள் விடிந்தது. லயத்திலே பக்கத்து அறையாகிய காம்பராவில் குடியிருந்த பழனியாண்டி, மீசைக்கு எண்ணெயிட்டு, தலைப்பாகை சுற்றி, உப்பு வாங்கும் பெருநோக்கோடு கண்டிக் கடைவீதிக்குப் புறப்பட்டு, வலக்காலை வாசலுக்கு வெளியே வைத்ததுதான் தாமதம், மலைமுகடுகள் எதிரொலிக்க வீரையா முழங்கினான்:

"எங்க போறீங்கண்ணே?"

திசைகள் நடுங்கின, கோழிகள் சிதறின. புறப்படுகிறவனைப் பார்த்து அப்படிக் கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்பதும், அவன் திரும்ப உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பவேண்டும் என்பதும் லயத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வீரையாவுக்கும் தெரியும். பயிற்சி மும்முரத்தில் அதை மறந்து தொலைத்துவிட்டான்!

கண்கள் கனல, புருவம் வில்லாய் வளைய, வாய்க்கு வந்தபடி ஏசத்தான் திரும்பினான் பழனியாண்டி. எதிரே நின்றவனின் முகமோ இதோ அழுதுவிடுவேன் என்றிருந்தது. சினம் வடிந்து, அவன் வாசலிலேயே பொத்தென்று உட்கார்ந்தான்.

"சரி, தண்ணி கொண்டா தம்பி. ஒனக்கு எந்த ஊரு?"

உடைந்தது மடை! ஊரும் உறவும், தோணியில் எடுத்த வாந்தியும், காட்டுவழியில் கடித்த அட்டையும், கங்காணியின் குறட்டையும் என இத்தனை காலம் சிறைகிடந்த சொற்சேனை திமுதிமுவெனப் பாய, பழனியாண்டி தன் பங்குக்குத் தன் சேனையை ஏவ, செம்பு நிறைவதும் காலியாவதுமாய், கதிரவன் ஹந்தானை மலைக்குப் பின்னே இறங்கும்வரை நடந்தது அப்பெருஞ்சமர்.

அன்று ராத்திரி இரண்டு பேரும் உப்பில்லாத கஞ்சி குடித்தார்கள்.