ஜாடி நிறைய ஈ

ஜாடிக்குள் பதினோரு ஈக்கள் கிடந்தன. அதில் ஒன்று ஈயா, மாட்டுத் தவிடா என்பதில் கணவனுக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு இருந்தது.

"அது தவிடுங்க," என்றாள் மனைவி.

"தவிட்டுக்குக் கால் இருக்குமா?"

"ஈக்குக்கூடத்தான் இறக்கை இருக்கணும். இதுக்கு எங்க இருக்கு?"

மேல் கொட்டகையின் சூப்பர்வைசர் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முப்பது மாடுகளைக் கட்டி ஆள்பவர், ஒரு தவிட்டுத் துணுக்கு அசையாதா என்று ஏங்கி நின்றார்.

பால் பண்ணையில் இரண்டு கொட்டகைகள். மேட்டில் இருப்பது இவர் பொறுப்பு. சரிவுக்குக் கீழே இருப்பது இவருடைய சகலையின் பொறுப்பு. அக்காவைக் கட்டியவர் கீழே, தங்கையைக் கட்டியவர் மேலே. அவரவர் கொட்டகையை ஒட்டி அவரவர் வீடு. இத்தனை காலம் இரண்டு பேரும் சமமாக இருந்தார்கள், அதனால் சுமுகமாகவும் இருந்தார்கள். இப்போது இரண்டு கொட்டகைக்கும் சேர்த்து ஒரே மேனேஜர் போதும் என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது. இருவரில் ஒருவர் மேனேஜர். மற்றவர் அவருக்குக் கீழே.

வேலை போவதைக்கூட ஒரு மனிதன் தாங்கிக்கொள்வான். சகலையிடம் போய் லீவு கேட்டுக் கைகட்டி நிற்பதை யாரால் தாங்க முடியும்?

திங்கட்கிழமை முதலாளியின் வண்டி டிரைவர் ஆளுக்கொரு ஈப் பொறியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மஞ்சள் மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடி. மூடியில் ஓட்டைகள். உள்ளே மருந்துப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொட்டகை ஓரம் தொங்கவிட வேண்டும். வாசனைக்கு உள்ளே போகும் ஈ வெளியே வராது.

"நிறைஞ்சா கொட்டிப் புதைச்சிட்டு, புது மருந்து போட்டுக்குங்க. வீட்டை விட்டுத் தள்ளியே தொங்கவிடுங்க. சனிக்கிழமை வந்து எடுத்துக்குவேன். முதலாளி ரெண்டு ஜாடியையும் பார்த்துட்டுத்தான் மேனேஜர் யாருன்னு முடிவு பண்ணுவாராம்," என்று சொல்லியிருந்தான்.

இதற்கு மேல் ஒருவருக்கு என்ன விளக்கம் வேண்டும்? ஈப் பொறியைக் கொடுத்தால் ஈ பிடிக்க வேண்டும். அதிகம் பிடித்தவர் மேனேஜர்.

மனைவி போனை வைத்துவிட்டு வந்தாள். முகம் சரியில்லை.

"அக்காதான் பேசுச்சு. அவங்க ஜாடியில கழுத்து வரைக்கும் ஈயாம்."

"கழுத்து வரைக்குமா?"

"கருப்பா அப்பிக் கிடக்காம். மாமா அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாராம்."

"அந்தாளுக்கு எப்படி அவ்வளவு விழுது?"

"நீங்கதான் கொட்டகையை ரெண்டு வேளை கழுவி விடறீங்களே. ஈ எதை நம்பி வரும்?"

அவர் யோசித்தார். குற்றவாளி யார் என்று புரிந்தது. சுத்தம். பதினைந்து வருஷமாகத் தன்னுடைய முன்னேற்றத்துக்குத் தானே குழி பறித்திருக்கிறார்.

கறவைக்காரரை உடனே கூப்பிட்டார்.

"இன்னைலேருந்து சாணி அள்ள வேண்டாம்."

கறவைக்காரர் துடைப்பத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். "எதுவரைக்கும் சார்?"

"சனிக்கிழமை வரைக்கும்."

"இதை மாட்டுகிட்டயும் சொல்லிட்டீங்களா?"

மாடுகளிடம் யாரும் சொல்லவில்லை. அவை தம் கடமையைச் செய்துகொண்டே இருந்தன. புதன்கிழமை மத்தியானத்துக்குள் கொட்டகை வாசலில் ஒரு குன்று எழுந்தது. ஈக்கள் வந்தன. வந்தவை குன்றில் உட்கார்ந்தன. இத்தனை பெரிய விருந்தை விட்டுவிட்டு ஜாடிக்குள் தலையை நுழைக்க அவற்றுக்கு என்ன வேண்டுதலா?

"பொறி இங்கேயும் விருந்து அங்கேயும் இருந்தா எப்படி விழும்?" என்றாள் மனைவி.

அதுவும் நியாயம்தான். அவர் சந்தைக்குப் போய் மீன் கடையில் ஒரு பை நிறையத் தலையும் குடலும் வாங்கிவந்தார். வெல்லம் கரைத்தார். இரண்டையும் ஜாடியில் போட்டுக் குலுக்கி, வெயிலில் ஊறவைத்தார். சாயங்காலம் மூடியைத் திறந்தபோது பக்கத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"நல்ல மருந்து," என்றார் அவர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

வாசனை சரிவு முழுக்கப் பரவ வேண்டும் என்றால் காற்று வரும் இடத்தில் தொங்க வேண்டும். காற்று எங்கே வருகிறது என்று ஈரக்கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பண்ணையிலேயே அருமையான காற்று அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலில்தான் வந்தது.

"தள்ளித் தொங்கவிடச் சொன்னானே அந்த டிரைவர்."

"அவனா மேனேஜர் ஆகப்போறான்? நான்தானே."

வியாழக்கிழமை காலையிலிருந்து சரிவின் கீழேயிருந்து ஈக்கள் மேலே ஏறி வரத் தொடங்கின. கோடு போட்டதுபோல வந்தன. அவர் வாசலில் நின்று வரவேற்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஜாடி கறுத்தது. கூடவே சமையலறைச் சுவரும் கறுத்தது. மனைவி சோற்றுப் பானையைத் திறந்து மூடுவதற்குள் மூன்று ஈக்கள் ருசி பார்த்துவிட்டன. கடைசியில் கூடத்தில் கொசுவலையைக் கட்டி, இருவரும் சட்டி பானையோடு அதற்குள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"மேனேஜர் வீட்டுல தனியா சாப்பாட்டு அறை இருக்கும்," என்றார் அவர், வலைக்குள் குனிந்தபடி.

"அங்க போய் நிமிர்ந்து உட்கார்ந்தா எனக்குக் கழுத்து வலிக்குமேங்க."

சொன்னாளே தவிர, அவளுக்கும் ஆசை இருந்தது. பிறந்ததிலிருந்து அக்காவுக்கு அடுத்ததாகவே இருந்தவள். அக்கா போட்ட பாவாடை, அக்கா படித்த புத்தகம், அக்கா வேண்டாமென்ற கம்மல். இனி அக்கா வீட்டுக்காரர் போடுகிற சம்பளமும் என்றால் எப்படி? அதனால் ஈ மொய்த்த கையோடு ஜாடிக்கு இன்னொரு வெல்லக்கட்டி எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை கறவைக்காரர் நொண்டிக்கொண்டே வந்தார். ஒரு கன்னத்தில் வால் அடித்த தடம். வாளி நசுங்கியிருந்தது. உள்ளே பால் இருந்ததற்கான அடையாளம் மட்டும் இருந்தது.

"என்ன, மாடு உதைச்சிருச்சா?"

"மாடு என்னை உதைக்கல சார். ஈயைத்தான் உதைக்குது. நடுவுல நான் உட்கார்ந்திருக்கேன்."

"ஒரு நாள் பொறுத்துக்க. நான் மேனேஜரானதும் உனக்குப் புது வாளி."

"புது முட்டி கிடைக்குமா சார்?"

அன்றைக்கு இன்னொரு சிக்கல் வந்தது. ஜாடி நிறைந்துவிட்டது. உள்ளே தண்ணீர் தெரியவில்லை. செத்த ஈக்கள் மேடாகி நின்றதால், புதிதாக வருகிறவை அந்த மேட்டின் மேல் கால் நனையாமல் நடந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, வந்த ஓட்டை வழியே திரும்பிப் போயின.

"கொட்டிட்டுப் புது மருந்து போடச் சொன்னானே," என்றாள் மனைவி.

"கொட்டறதா? இத்தனை பாடுபட்டுச் சேர்த்ததை?"

"வேறென்ன செய்யறது?"

"குச்சி கொண்டா."

குச்சியால் அமுக்கினார். இடம் கிடைத்தது. அமுக்கும்போது அடியில் வெள்ளையாகச் சில நெளிந்தன.

"புழு வெச்சிருச்சுங்க," என்றாள் அவள், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு.

அவர் முகம் மலர்ந்தது. "இதையும் கணக்குல சேர்ப்பாங்களா?"

"குழந்தைங்களுக்கு அரை டிக்கெட் போடுவாங்க."

மிச்சமிருந்த இடத்தை நிரப்ப, அவர் விசிறிக் கட்டையால் சுவரில் அடித்த ஈக்களைப் பொறுக்கினார். முதலில் மனசாட்சி உறுத்தியது. தானாக விழுந்த ஈக்களுக்கு நடுவே அடித்துப் போட்டதைக் கலப்பது கள்ள ஓட்டு போடுவது மாதிரி இல்லையா? சகலையிடம் லீவு கேட்டு நிற்கும் காட்சியை ஒருமுறை நினைத்துப் பார்த்தார். மனசாட்சி உறுத்துவதை நிறுத்திவிட்டது. இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார்.

சனிக்கிழமை டிரைவர் வந்து சரிவின் நடுவில் வண்டியை நிறுத்தினான். மேலேயிருந்து இவர் ஜாடியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு இறங்கினார். பின்னால் மனைவி. அவளுக்கும் பின்னால், ஜாடியை விட்டுப் பிரிய மனமில்லாத ஒரு பெரிய ஊர்வலம். கீழேயிருந்து சகலை ஏறி வந்தார். தலை குனிந்திருந்தது. அவர் கையிலிருந்த ஜாடியில் தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது. அதில் நாலைந்து ஈக்கள் மிதந்தன.

"என்ன சகலை இது," என்றார் இவர். குரலில் எவ்வளவு அடக்கியும் சந்தோஷம் கசிந்தது.

"என்னத்தைச் சொல்ல. முதல்ல கழுத்து வரைக்கும் விழுந்துச்சு. அந்தத் தம்பி சொன்னபடி கொட்டிப் புதைச்சிட்டுப் புது மருந்து போட்டேன். நல்லாத்தான் விழும்னு பார்த்தா, வியாழக்கிழமைலேருந்து கொட்டகையில ஒரு ஈ இல்ல. தேடித் தேடிப் பார்த்தேன். எல்லாம் எங்க போச்சுன்னே தெரியல."

எங்கே போயின என்று இவருக்குத் தெரியும். ஆனால் வெற்றியில் அடக்கம் வேண்டும். ஜாடியை இடது இடுப்புக்கு மாற்றி, வலது கையைச் சகலையின் தோளில் போட்டார்.

"மனசை விட்டுராதீங்க. நான் மேனேஜரானாலும் உங்களை அந்த மாதிரி நடத்த மாட்டேன். லீவு வேணும்னா ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"உங்க பெரிய மனசு சகலை," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அக்காவை நான் பார்த்துக்கறேன் மாமா," என்றாள் மனைவி. இந்த வாக்கியத்தைச் சொல்ல அவள் முப்பது வருஷம் காத்திருந்தாள்.

டிரைவர் இரண்டு ஜாடிகளையும் வாங்கினான். கனமான ஜாடியை வண்டியின் பின்பக்கம், எட்ட முடியாத மூலையில், கயிற்றால் கட்டினான். லேசான ஜாடியைத் தன் பக்கத்து சீட்டில் பத்திரமாக வைத்தான். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, கீழ்க் கொட்டகைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"தம்பி, ஆள் மாறிப்போச்சு," என்றார் இவர். "நிறைஞ்ச ஜாடி என்னுது."

டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னான்: "அது தெரியுதுண்ணே, எந்தக் கொட்டகையில ஈ குறைச்சலா இருக்குன்னு பார்க்கத்தானே முதலாளி ஜாடியே கொடுத்தாரு."