பிரித்துவிட்ட பேன்ட்

தலைமையாசிரியருக்குப் பேன்ட் அளவெடுக்கக் குனிந்த தையல்கடை மாஸ்டர், குனிந்தபடியே நின்றுவிட்டார். இஞ்ச் டேப் கணுக்கால் வரைக்கும் போய்விட்டது. மாஸ்டரால்தான் திரும்பி வர முடியவில்லை.

"என்ன மாஸ்டர், ஏதாவது தொலைச்சிட்டீங்களா?"

"மூச்சை, சார்" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

கடைசியில் அளவு கொடுக்க வந்தவரே, அளவெடுத்தவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

மூலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மாஸ்டரின் மனைவி எல்லாவற்றையும் பார்த்தாள். அந்தக் கடையில் வெட்டுவதும் மிஷினில் தைப்பதும் மாஸ்டர். பட்டன், காஜா, கொக்கியெல்லாம் அவள் பொறுப்பு. மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கௌரவக் குறைவு. அவள் நூலைப் பல்லால் கடித்தாள். அவள் நூலைக் கடித்தால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று அர்த்தம்.

தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கடையின் ஷட்டர் பாதி இறங்கிவிடும். துணி வெட்டும் மேஜைமேல், வெட்டி மிஞ்சிய துணிகளைத் தலைக்கு வைத்து மாஸ்டர் ஒரு தூக்கம் போடுவார். அந்தத் தூக்கத்துக்காகத்தான் அவர் காலையில் எழுந்திருப்பதே. தீர்ப்பு நேராகப் போய் அதன் தலையில் விழுந்தது.

"இனிமே மத்தியானத் தூக்கம் கிடையாது."

"இவளே! சாப்பாட்டுல வேணா கை வை. தூக்கத்துல கை வைக்காதே."

"தினமும் காலையில மொட்டை மாடியில எக்சர்சைஸ் செய்யுங்க. உங்களுக்கு இறுக்கிப் பிடிக்குதே, அந்தச் சாம்பல் கலர் பேன்ட்டு, அதைப் போட்டா இடுப்புல என் உள்ளங்கை நுழையணும். அன்னைக்குத் தூங்கிக்கலாம்."

"பூ, இவ்வளவுதானா? நாளைக்கே ஒரே மூச்சுல செஞ்சு காட்டறேன் பாரு!"

"ஒரே மூச்செல்லாம் வேண்டாம். கொஞ்சமா செஞ்சாப் போதும். ஆனா விடாம செய்யணும்."

இந்த 'விடாம'தான் மாஸ்டருக்குப் பரம விரோதி. ஆரம்பிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எப்போதோ வாங்கிய ஸ்கிப்பிங் கயிற்றில் இப்போது துணி காய்கிறது. எடை தூக்க வாங்கிய இரும்புக் குண்டு, சமையலறைக் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறது. அவர் வாங்கிய உடற்பயிற்சிச் சாமான்கள் எல்லாம் தினமும் தவறாமல் வேலை செய்கின்றன, அவர் ஒருவரைத் தவிர.

இந்தத் தடவையும் அப்படித்தான். முதல் நாள் சூரத்தனம். மறுநாள் கத்தரிக்கோலைத் தூக்க முடியவில்லை. அதற்கு மறுநாள் ஓய்வு. அதற்கும் அடுத்த நாள், ஓய்வெடுத்த களைப்பு. அப்போதுதான் மாஸ்டரின் மூளை வேலை செய்தது. இடுப்பைச் சிறிதாக்குவதும் பேன்ட்டைப் பெரிதாக்குவதும் ஒன்றுதானே?

அன்றிலிருந்து மாடியில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, காலால் தரையைத் தொம் தொம் என்று மிதித்தார். பிறகு குழாய்த் தண்ணீரை முகத்தில் தெளித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி இறங்கி வந்தார். மனைவி கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து, பேன்ட்டின் பின்பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடிந்திருந்த துணியில் கொஞ்சம் வெளியே விட்டுத் தைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பேன்ட்டைப் போட்டார். காஜா பட்டனைத் தொடவே மாட்டேன் என்றது.

"வயித்தை எக்குங்க."

"எக்கித்தான் நிக்கறேன்!"

"தினமும் செய்றீங்கதானே? மாடியே இடிஞ்சு விழற மாதிரி சத்தம் கேக்குதே."

"பின்னே? காலே ஓஞ்சு போச்சு!"

அதுமட்டும் உண்மை.

மாஸ்டர் தனியாகப் போய்த் தையலைப் பார்த்தார். அவர் போட்ட தையல், போட்ட இடத்திலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் பிரித்துவிட்டார். அடுத்த ஞாயிறு இன்னும் இறுக்கியது. மிச்சத்தையும் பிரித்துவிட்டார். அதற்கடுத்த ஞாயிறு பட்டனும் காஜாவும் ஜென்ம விரோதிகள் மாதிரி ஒதுங்கி நின்றன. இனிப் பிரித்துவிடத் துணியும் இல்லை.

பிரித்துவிட்ட பேன்ட்டே போதவில்லையென்றால், உடம்பு வாராவாரம் ஊதிக்கொண்டல்லவா போகிறது? மாஸ்டர் நிஜமாகவே பயந்துபோனார்.

"இவளே, எனக்கு ஏதாவது வியாதியா இருக்குமோ?"

"அதெல்லாம் இல்லீங்க. ஒரு நாள் செஞ்சு நாலு நாள் விட்டாத்தான் உடம்பு கோவிச்சுக்கிட்டு ஊதுமாம். நீங்கதான் விடாம செய்றீங்களே?"

மாஸ்டர் மாடிக்கு ஓடினார்.

வாளி நிமிர்ந்தது. கை காலை வீசினார், குனிந்தார், உட்கார்ந்து எழுந்தார். மழை பெய்தால் மாடிப்படியில் ஏறி இறங்கினார். மைத்துனர் குடும்பத்தோடு வந்து கூடத்தில் படுத்திருந்தபோதும், ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டு மாடிக்குப் போனார். பயத்தில் தொடங்கியது பழக்கமாகிவிட்டது. பட்டனும் காஜாவும் மெள்ள மெள்ளச் சமாதானத்துக்கு வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் உள்ளங்கை, வளையல் வரைக்கும் இடுப்பில் நுழைந்தது.

மறுநாளே தலைமையாசிரியர் புதுத் துணியோடு வந்தார். மாஸ்டர் குனிந்தார், ஸ்பிரிங் மாதிரி நிமிர்ந்தார்.

"அட! எப்படி மாஸ்டர்?"

"ஒரு நாள் விட்டதில்லை சார். மனசுல உறுதி வேணும். யாரோ பிடிச்சுத் தள்ளி வர்றதில்லை இது."

மூலையில் நூல் கடிபடும் சத்தம் கேட்டது.

மத்தியானம் ஷட்டர் பாதி இறங்கியது. மாஸ்டர் மேஜைமேல் ஏறிக் கைகாலை நீட்டினார். எவ்வளவு நாள் ஆயிற்று! கண்ணீரே வந்துவிட்டது.

"ஏங்க, தூங்கி எழுந்ததும் அந்தப் பேன்ட்டைக் கழட்டிக் குடுங்க."

"எதுக்கு?"

"பட்டனைப் பழைய இடத்துலயே தைச்சுடறேன்."

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக ஒரு பட்டனைக் குனிந்து பார்த்தார். இடுப்புப் பட்டியின் ஓரத்திலிருந்து உள்ளே வரைக்கும் ஊசி குத்திய தடங்கள். வாராவாரம் பட்டன் நடந்துபோன பாதை.

"அடிப்பாவி! உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க பனியனைத் துவைக்கிறவ நான். மாடி அதிரக் குதிச்சவரோட பனியன்ல வேர்வை வாசமே இல்லையே!"

"அப்போ... இனிமே?"

"நீங்க பின்னாடி விட்டதைப் பிடிச்சுத் தைங்க, நான் பட்டனைத் தள்ளி வைக்கறேன். நிம்மதியாத் தூங்குங்க. என்னைக்காவது மாடிக்குப் போகலைன்னா என்கிட்டச் சொல்லக்கூட வேண்டாம். ஊசி என் கையிலதான் இருக்கு."

இத்தனை நாள் பாடுபட்டுச் சம்பாதித்த அந்தத் தூக்கத்தில், மாஸ்டர் ஒரு கண்ணைக்கூட மூடவில்லை.