மனோர் பார்க் வாடைவதைப் படலம்

வாழ்க கனகலிங்கம்! ஆடுகின்ற முக்காலியின் மேல் ஒரு காலை ஊன்றி, மறுகாலை யன்னல் விளிம்பில் பதித்து, வலக்கையில் வெங்காற்று உமிழும் வேலாகிய ஹெயார் டிரையரையும் இடக்கையில் நாகத்தின் சட்டையெனச் சலசலக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளையும் ஏந்தி, ஐந்து டேப் துண்டுகளைப் பல்லிடையே கவ்வி, மின்வயர் காலைச் சுற்றி இறுக்குவதையும் பொருட்படுத்தாது, கடைசி யன்னலின் கடைசி மூலையில் கொடுவாடைக் காற்றோடு கைகலந்து நிற்கும் சாரமணிந்த அப்பெருமான் வாழ்க!

நேரம் மூன்று இருபத்திரண்டு. பகைவன் வருவது நான்கு மணிக்கு. இடையில் முப்பத்தெட்டே நிமிடங்கள்!

"சிவகௌரி! முக்காலியைப் பிடியும்! ஆடுது!"

"ரெண்டு காலையும் ஒரு இடத்திலை வையுங்கோ, ஆடாது," என்றாள் குசினியில் இருந்த அவன் மனைவி. "என்ரை தலை காயவைக்கிற சாமான் எரிஞ்சுதெண்டால் பிறகு நீங்கள்தான் ஊதி ஊதிக் காயவைக்க வேணும், சொல்லிப்போட்டன்."

வீரன் வேலை மூலைக்குத் திருப்பினான். வெங்காற்றுப் பட்ட தாள் சுருங்கி, இறுகி, முரசின் தோலெனக் கண்ணாடியை மூடியது. வெளியே, 1991ஆம் ஆண்டின் பெப்ரவரிப் பனி தெருவெங்கும் வெண்கொடி பிடித்துக் கிடக்க, உள்ளே புக வழியற்ற வாடை அத்தாளின் மறுபுறம் முட்டி மோதி முனகியது.

இவன் யார்? ஏன் இந்தப் போர்?

எண்டிசையிலிருந்தும் வந்து வாய்பிளந்து நிற்கும் கார்களுக்கெல்லாம் பெற்றோல் விற்கும் நிலையமொன்றின் கல்லாவில் நாள்தோறும் எட்டு மணிநேரம் அமர்ந்திருந்தும், ஒரு துளியையும் தனக்கென வேண்டாது, முன்னால் கூடை கட்டிய சைக்கிளில் வீடு திரும்பும் துறவி அவன். 'உங்கள் வீட்டுச் சூடு எங்கே போகிறது?' என்று நகரசபைக் கவுன்சில் அனுப்பிய துண்டுப்பிரசுரத்தை, மற்ற வீட்டார் மீன் வெட்ட விரித்தபோது, அகராதியோடு அமர்ந்து மும்முறை ஓதி உபதேசமாகப் பெற்றவன். வீட்டுச் சூட்டைக் காத்தால் உலகம் பிழைக்கும் என்பது அவன் கொள்கை. உலகமோ அவனை நம்பவில்லை.

"கார் வாங்க வழியில்லை எண்டு நேரா சொல்லன், ஏன் ஓசோன் எண்டு அலட்டுறாய்?" என்றனர் கோயில் வாசலில். வெறும் தக்காளிச் சோஸ் போத்தில்களைப் பையில் சுமந்துபோய், தெருமுனையில் கவுன்சில் வைத்த இரும்புத் தொட்டிக்குள் அவன் ஒவ்வொன்றாக இட, கிணிங் கிணிங்கென எழுந்த அந்த ஓசையைக் கேட்டவர்கள் வேறுவிதமாகக் கணக்குப் போட்டார்கள். 'கனகலிங்கம் இப்ப நல்லாக் குடிக்கிறானாம்' என்ற செய்தி, அவன் வீடு வந்து சேருமுன் நகரின் மறுகோடியிலுள்ள சவுத்தாலைச் சென்றடைந்தது. பழைய பேப்பரைச் சேர்த்துக் கவுன்சில் லொறியில் ஏற்றினான். கோயில் கலண்டர்களில் கைவைத்த அன்று சிவகௌரி குறுக்கே நின்றாள். "சாமிப் படத்தைக் குப்பை லொறியிலை ஏத்தவோ? கை விளங்குமோ உங்களுக்கு?" ஆகவே ஆண்டு முடிந்த முருகன்கள் அனைவரும் மாடிப்படியின் கீழிருந்த அலுமாரிக்குள் குடிபுகுந்தார்கள். அவர்களுள் 1988ஆம் ஆண்டு முருகன் மட்டும் உள்சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தான்.

இவ்வாறு கல்யாணமான ஆறு ஆண்டுகளில் அந்தக் குடும்பத்தில் கனகலிங்கம் சொன்ன ஒன்றுகூடச் சரிவந்ததாக எவரும் ஒப்புக்கொண்டதில்லை. ஒரேயொரு முறை, ஒரேயொரு விடயத்தில், 'நீ சொன்னது சரி' என்ற மூன்றே சொற்களாலான அந்த வாக்கியம் தன் காதில் விழவேண்டும். அதற்காகவே அவன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகப் போராடுகிறான்.

இனிப் பகைவனைப் பாடுவோம். செவன் கிங்ஸ் நகர்க்கு அரசன். சிவப்பு நிசான் தேரேறும் செல்வன். இரட்டைக் கண்ணாடி யன்னல் விற்கும் கொம்பனியின் ஏஜென்ட். கறுப்புத் தோற்பெட்டிக்குள் ஒப்பந்தப் படிவங்களை அம்பறாத்தூணியெனச் சுமக்கும் வில்லாளி. எல்லாவற்றுக்கும் மேலாக, சிவகௌரியின் கூடப்பிறந்த தமையன் பரமேஸ்வரன்! சொந்தம், பந்தம், பந்தத்தின் அயல்வீட்டார் எனப் பலர் அவன் பேனாவுக்குப் பணிந்துவிட்டார்கள். பணியாத கோட்டை ஒன்றே ஒன்று.

சென்ற வெள்ளிக்கிழமை, மனோர் பார்க் முருகன் கோயில் மண்டபத்தில், கையில் கடலையோடு அவன் கேட்டான்: "மச்சான், பிளாஸ்டிக் தாளாலை வீட்டைச் சுத்துறியாமே? அப்பிடிச் சுத்தினால் அது வீடில்லையடா, சான்ட்விச்!"

மண்டபம் சிரித்தது. கனகலிங்கத்தின் கடலை நிலத்தில் சிந்தியது. ஆங்கே, செருப்பற்ற பாதங்கள் இரண்டையும் அகல ஊன்றி, அவன் சூளுரைத்தான்: "வாற ஞாயிறு நாலு மணிக்கு வா! என்ரை வீட்டு ஹோலிலை குத்துவிளக்கைக் கொளுத்தி வைக்கிறன். பத்து நிமிசம். சுடர் ஒரு மயிரளவு ஆடினாலும் உன்ரை படிவத்திலை கையெழுத்துப் போடுறன். ஆடாட்டில், இந்தக் குளிர்காலம் முடியுமட்டும் வெள்ளிக்கிழமையிலை காரை விட்டுட்டு என்ரை சைக்கிளிலை நீ கோயிலுக்கு வரவேணும். செவன் கிங்ஸிலை இருந்து!"

"இடையிலை ஆர் கதவைத் திறந்தாலும் அவர் தோத்தவர்," என்றான் பரமேஸ்வரன். "தீர்ப்பு ஆர் சொல்லுறது?"

ஒருவனுக்குத் தங்கை, மற்றவனுக்கு மனைவி. இருவரும் ஒரே நேரத்தில் சிவகௌரியைப் பார்த்தார்கள். அவள் கடலையை மென்றபடி, "எனக்கென்ன, சொல்லுறன்," என்றாள்.

இதோ, மூன்று முப்பது! கனகலிங்கம் முக்காலியிலிருந்து குதித்துத் தன் கோட்டையைச் சுற்றிவந்தான். யன்னல் ஏழும் தாளால் அடைபட்டன. கதவுப் பூட்டின் திறப்புத் துவாரத்தில் பஞ்சு. கடிதம் போடும் வாயில் மூன்று வரி டேப். கதவுகளின் அடியில் சிவகௌரியின் பழைய சேலைகளைத் தைத்து, உள்ளே கந்தல் அடைத்துச் செய்த கொழுத்த பாம்புகள் காவற்கடமையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தன.

மேசையில் அயல்வீட்டு இம்மாகுலேற் கொடுத்த மீன்குழம்பு ஆவிபறக்க இருந்தது. மன்னாரிலிருந்து வந்த அந்தக் கத்தோலிக்கப் பெண்ணும் சிவகௌரியும் கறி மாற்றிக்கொள்ளாத நாளில்லை. இரு வீட்டு வாசல்களுக்கும் இடையே கிடந்த பனியிலோ ஒரு காலடித் தடமும் இல்லை. துப்பறியும் கண் படைத்தவன் அங்கே ஒரு கணம் நின்றிருப்பான். நம் தலைவனின் கண்ணோ விளக்கின் மீது இருந்தது.

கொளுத்தினான். சுடர் எழுந்தது. நின்றது. பின்பு, ஐயகோ, ஒரு நெல்லளவு சாய்ந்தது!

எங்கோ ஒரு வழி! எங்கோ ஓர் ஒற்றன்! மூன்று வாரமாக அவன் இடது கணுக்காலைக் குளிர்விரலால் தீண்டிவரும் அதே மாயவாடை! ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்து, புகை வளையும் வழியே புலனாய்ந்து, முழங்காலில் ஊர்ந்து, சோபாவைச் சுற்றி, செருப்புக் குவியலைத் தாண்டி, மாடிப்படியின் கீழ் அலுமாரியை அடைந்தான். அதன் கதவு சற்றே திறந்திருந்தது. குசினி வாசலில் சிவகௌரி அகப்பையும் கையுமாக அசையாது நின்றாள்.

கதவை இழுத்துத் திறந்தான் கனகலிங்கம்.

உள்ளே, இருளில், 1988ஆம் ஆண்டு முருகன் மெல்ல ஆடினான். முன்னே, பின்னே. மறுபடி முன்னே.

வீரனின் விழிகள் பனித்தன. ஊதுபத்தியைக் கலண்டரின் முன் மூன்று முறை சுற்றினான். "முருகா! தலையாட்டிப்போட்டாய்! இனி எனக்கென்ன பயம்!" என்று கைகூப்பி, தெய்வத்துக்கு முதுகு காட்டாது பின்வாங்கி, கதவைப் பயபக்தியோடு இறுகச் சாத்தினான். ஓடிவந்து விளக்கைப் பார்த்தான். சுடர் நெடுங்குத்தாக நின்றது!

"பாத்தீரே சிவகௌரி! கடவுள் எங்கடை பக்கம்!"

"ஓம்," என்றாள் சிவகௌரி. அவ்வளவு நேரம் அடக்கிய மூச்சை விட்டாள். பின்பு குசினிக்குள் திரும்பி, இருப்பதிலேயே பெரிய தாச்சியை அடுப்பில் ஏற்றினாள்.

சரியாக நான்கு மணி. நிசான் உறுமியது. மணி ஒலித்தது. "கெதியா உள்ளை வா! சூடு போகுது!" என்ற கர்ச்சனையோடு பகைவன் இழுத்தெடுக்கப்பட, கதவு அறைந்து மூடப்பட, பாம்பு மீண்டும் படுத்தது. பரமேஸ்வரன் கோட்டைக் கழற்றாமலே அமர்ந்தான், படிவத்தை விரித்தான், பேனாவை அதன் மேல் குறுக்காக வைத்தான், கைக்கடிகாரத்தை மேசையில் கழற்றி வைத்து அதன் மணியொலியைப் பத்து நிமிடத்துக்குத் திருகினான்.

முதல் நிமிடம். சுடர் ஆடவில்லை. இரண்டாம் நிமிடம். ஆடவில்லை. "கையெழுத்துப் போடேக்கை முழுப்பேரும் எழுத வேணும், மச்சான்," என்றான் பரமேஸ்வரன். "சைக்கிளுக்குக் காத்து அடிச்சு வைச்சிருக்கிறன், மச்சான்," என்றான் கனகலிங்கம்.

மூன்றாம் நிமிடத்தில், குசினிக் கதவின் மேலாக அது வந்தது.

காய்ந்து செத்தும் போர்க்குணம் சாகாத செத்தல் மிளகாய்! அரைக் கிலோ! கொதிக்கும் தாச்சியில் கிடந்து, கறுத்து, வெடித்து, தன் கடைசிச் சீற்றத்தைப் புகையாக அனுப்ப, அப்புகை வெளியேற ஒரு வழியும் காணாது, ஏழு யன்னலையும் இரு கதவையும் முட்டிப் பார்த்து, மூன்று ஞாயிறு உழைத்து ஒருவன் கட்டிய அந்த முத்திரையிட்ட கோட்டைக்குள் நால்வகைப் படையாய்ப் பெருகி, ஹோலில் இருந்த இரு மூக்குகளையும் முற்றுகையிட்டது.

முதலில் தும்மியவன் பரமேஸ்வரன். இரும நினைத்துத் தும்மியவன் கனகலிங்கம்.

"தங்கச்சி! என்ன செய்யிறாய்?"

"தூள் முடிஞ்சுது அண்ணை!" வாயில் ஈரத்துவாய் கட்டிய குரல் வந்தது. "ஞாயிறு மட்டும்தானே எனக்கு ஷிப்ட் இல்லை!"

ஐந்தாம் நிமிடம். கதவைத் திறப்பவன் தோற்றவன்! இருவரும் கைப்பிடியைப் பார்த்தார்கள்; ஒருவரையொருவர் பார்த்தார்கள்; பின்பு எதையும் பார்க்க இயலாதவரானார்கள். ஒருவன் கழுத்துப்பட்டியால் மூக்கைப் பொத்தினான். மற்றவன் சாரத்தின் நுனியை வாய்க்குள் திணித்தான். ஏழாம் நிமிடம். கன்னங்களில் கண்ணீர் வழிய, தோள்கள் குலுங்க, எதிரெதிரே அமர்ந்திருந்த அவ்விருவரையும் அவ்வழியே போன எவரேனும் கண்டிருந்தால், செத்தவீடு என்றே எண்ணி வணங்கிச் சென்றிருப்பார்.

"எழும்பிப் போவன் மச்சான்!"

"நீ... போடா... மச்சான்!"

ஒன்பதாம் நிமிடம். நடுங்காதே, கேட்பவனே! சுவருக்குள்ளிருந்து ஓர் இருமல் எழுந்தது. வீட்டில் இருப்பவர் மூவர், இருமியது நாலாமவர்! மறுகணம் அயல்வீட்டின் பின்கதவு படாரெனத் திறந்தது. அதே கணம் மாடிப்படி அலுமாரியின் கதவு தானாகப் பிளந்தது. உள்ளிருந்து பனிவாடை ஊளையிட்டுப் பாய்ந்தது. ஒன்பது நிமிடம் தவம் நின்ற சுடர், தரையைத் தொடுவதுபோலத் தலை சாய்த்தது.

கண் திறந்திருந்தவள் ஒருத்தியே. ஈரத்துவாயோடு பாய்ந்து வந்த சிவகௌரி, ஒரு காலால் அலுமாரிக் கதவை உதைத்து மூடினாள். இரு கைகளாலும் சுடரைப் பொத்தினாள். அது நிமிர்ந்ததும் கைகளை எடுத்தாள்.

"குளிருது!" கண்மூடியபடி அலறினான் பரமேஸ்வரன். "ஆடினது! தங்கச்சி, உண்மையைச் சொல்லு, ஆடினது தானே?"

"ஆடேல்லை, அண்ணை."

"சத்தியமா?"

"என்ரை கண்ணுக்கு முன்னாலை நேரா நிக்குது."

கடிகாரம் ஒலித்தது. அந்த ஒலி முடியுமுன், வென்றவனும் தோற்றவனும் ஒரே கதவில் ஒரே நேரத்தில் முட்டி, பாம்பை மிதித்து, பஞ்சைப் பிய்த்து, பனிமூடிய தெருவில் போய் விழுந்தனர். முழங்காலளவு சாரத்தோடு மல்லாந்து கிடந்த கனகலிங்கத்தின் காதருகே, மூக்கைச் சிந்தியபடி பரமேஸ்வரன் முணுமுணுத்தான்: "சரியடா. நீ சொன்னது சரி."

அச்சொல் கேட்டு வானம் பனிமலர் தூவ, அயல்வீட்டுத் திரைச்சீலைகள் கொடிகளென விலக, வரும் வெள்ளிக்கிழமை தோற்பெட்டியைச் சைக்கிள் கூடையில் வைத்து மூச்சிரைக்க மிதித்துவரும் இரட்டைக் கண்ணாடி வேந்தனின் காட்சியை மனத்திரையில் கண்டு, ஓட்டையேதுமற்ற ஒரே இல்லத்தின் தலைவன், வாடைகொண்டான், உலகச் சூட்டின் காவலன் கனகலிங்கம் கண்ணீர் மல்கக் கிடந்தான். கிடந்து, உள்ளே 1988ஆம் ஆண்டு முருகன் இருந்த திசைநோக்கி இருகரம் குவித்தான்.

அந்தக் கலண்டருக்குப் பின்னாலிருந்த செங்கற்களைக் கழற்றியது சிவகௌரி. பக்கத்து வீட்டுக்குக் கறி கொடுக்க ஒவ்வொருமுறையும் கோட்டுப் போட அவளுக்கு அலுப்பு, பஞ்சி.